பத்திரிகை வைக்காத வீடு

ஜன்னலோர சீட்டு கிடைத்ததுமே ராசாங்கத்துக்குப் பாதிக் கோபம் இறங்கிவிட்டது. மனுசன் வாகு அப்படி. பெரியகுளம் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைகிறபோது மூஞ்சியை உர்ரென்று வைத்துக்கொண்டுதான் நுழைந்தார். திண்டுக்கல் வண்டி காலியாக நிற்பதையும், வெயில் விழாத மலைப் பக்கத்து சீட்டு சும்மா கிடப்பதையும் பார்த்ததும் மூஞ்சி அதுபாட்டுக்கு மலர்ந்துவிட்டது. அட, நாம் கோபமாகவல்லவா இருக்கிறோம் என்று ஞாபகம் வந்து திரும்பவும் உர்ரென்று வைத்துக்கொண்டார். யாருக்காக வைத்துக்கொண்டாரோ, பக்கத்தில் ஈ காக்கா கிடையாது. வீட்டில் மரகதத்திடம் சொல்லிவிட்டு வந்தது, திண்டுக்கல்லில் ஒரு பழைய அண்டா விலைக்கு வருகிறது, பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று. பாத்திர வாடகைக் கடைக்காரர் சொன்னால் பெண்டாட்டி நம்பத்தானே வேண்டும். அண்டாவும் இல்லை, குண்டாவும் இல்லை. தங்கச்சி பஞ்சவர்ணம் வீட்டுக்குப் போகிறார். வருகிற வெள்ளிக்கிழமை பஞ்சவர்ணத்தின் மகள் சுகப்பிரியாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் என்று பிள்ளைக்கு இவர் ஒருத்தர்தான். ஊரெல்லாம் பத்திரிகை வைத்தாகிவிட்டது. இவர் வீட்டு வாசலில் ஏறி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு தேங்காய் பழத்தோடு பத்திரிகையை வைத்து, ‘ரெண்டு பேரும் முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும்’ என்று ஒரு வார்த்தை இன்னும் யாரும் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தை இல்லாமல் சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு எந்த முகத்தோடு மண்டபத்துக்குள் நுழைவது? சரி, அதைக் கேட்கத்தான் போகிறாரா என்றால் அதுவும் இல்லை. கேட்டு வாங்கினால் அதற்குப் பேர் மரியாதையா? சும்மா போகிறார். போய் எதிரே உட்கார்ந்தால், ஆளைக் கண்ணால் பார்த்தால், அவளுக்கே தோன்றாமலா போய்விடும்.

ஊர் முடிந்து மாந்தோப்பு ஆரம்பிக்கவும் காற்றோடு பழவாசம் வந்து மூக்கில் ஏறியது. வைகாசிக் காற்று, சூடாகத்தான் இருந்தது, இருந்தாலும் ஓடுகிற வண்டியில் அது ஒரு சுகம். ராசாங்கம் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டார். மறந்துவிட்டாள் என்று சொல்லிவிட்டால் கதை முடிந்துவிடும், அப்படியும் சொல்ல முடியவில்லையே, அதுதான் அவரைப் போட்டுக் குழப்பியது. மறப்பதற்கு அவர் எங்கே போனார்? தினம் காலையில் காய் நறுக்க உட்காரும்போது பஞ்சவர்ணம் போன் போடுவாள், முகம் தெரிகிற போன். அவள் அங்கே எதிலோ சாய்த்து வைப்பாள். இவர் கடையில், கரண்டி தொங்கவிடுகிற கம்பியில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைப்பார். அதற்கப்புறம் பேசினால்தான் என்ன, பேசாவிட்டால்தான் என்ன. அவள் பாட்டுக்குக் கீரை ஆய்வாள், இவர் பாட்டுக்குப் பித்தளைக் குண்டானுக்குப் புளி போட்டுத் தேய்ப்பார். அரை மணி நேரத்துக்கு ஒரு வார்த்தை இருக்காது. திண்டுக்கல்லில் குக்கர் விசிலடித்தால் பெரியகுளத்தில் இவர் எண்ணுவார். ‘ஏத்தா, போதும், அமத்து, பருப்பு கொழஞ்சு போகும்’ என்பார். கடைக்கு வருகிறவர்கள் ‘யாருண்ணே உள்ள?’ என்று கம்பியை எட்டிப் பார்ப்பார்கள். ‘தங்கச்சி’ என்பார். ‘நல்லாருக்கீகளாக்கா’ என்று போனைப் பார்த்து ஒரு விசாரிப்பு, பிறகு வாடகைப் பேச்சு. இப்படி இருக்கிறவளை, இப்படி இருக்கிறவரை, யார் யாரை மறப்பது? மாப்பிள்ளைப் பையனின் போட்டோ முதலில் இவர் போனுக்குத்தான் வந்தது. ‘காது பெருசா இருக்கு, இருந்தா இருக்கட்டும், நல்லது பொல்லது காதுல விழும்’ என்று சொன்னவர் இவர். கூறைப்புடவை எடுக்கப் போனபோது கடைக்காரர் ஒவ்வொன்றாக விரிக்க விரிக்க, சுகா போனை அதன்மேல் பிடித்துக்கொண்டே வந்தாள், ‘மாமா இது? மாமா இது?’ என்று. அரக்கு வேண்டாம், பாக்கு நிறம் எடு என்று கடையில் உட்கார்ந்துகொண்டே முடிவு செய்தார். அவ்வளவு ஏன், அச்சுக்குப் போகும் முன்னால் பத்திரிகை ‘சுகா கல்யாணம்’ குரூப்பில் வந்தது. தாய்மாமன் ராசாங்கம் என்று தன் பேர் கொட்டை எழுத்தில் இருப்பதை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். மண்டபத்து முகவரியில் ஒரு தப்பைக் கண்டுபிடித்துத் திருத்தச் சொன்னவரும் இவரேதான். ஆக, பத்திரிகையில் இருக்கிறார், பத்திரிகையைத் திருத்தியிருக்கிறார், பத்திரிகை மட்டும் வரவில்லை. இந்தக் கூத்தை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். அவருக்கே சிரிப்பு வந்தது. பஸ்ஸில் தனியாகச் சிரிக்கிறவனைப் பார்த்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று வெளியே திரும்பிக்கொண்டார். ஆனால் இப்போதெல்லாம் அந்தக் கவலை கிடையாது, காதில் எதையோ மாட்டிக்கொண்டு தனியாகச் சிரிக்காத ஆள் யார் இருக்கிறார்கள்? முன் சீட்டில் ஒரு பெண்பிள்ளை ஜன்னலைப் பார்த்துப் ‘போடா’ என்றாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு எருமைதான் நின்றது.

எல்லாம் சரி என்று விட்டிருப்பார், இந்த வடகரைச் சமாச்சாரம் மட்டும் காதில் விழாமல் இருந்திருந்தால். பஞ்சவர்ணத்தின் புருசன் தர்மராசு, தங்கமான மனுசன், லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறவர், போன வாரம் பெரியகுளத்துக்கே வந்திருக்கிறார். வந்து, வடகரையில் பங்காளி வீடு ஒன்று விடாமல் பத்திரிகை வைத்திருக்கிறார். காப்பி குடித்திருக்கிறார். ஆற்றைத் தாண்டினால் தென்கரை, நாலு தெரு நடந்தால் ராசாங்கத்தின் வீடு. எட்டிப் பார்க்காமல் பஸ் ஏறிப் போய்விட்டார். மரகதத்திடம் இதைச் சொன்னது ஒரு பங்காளி வீட்டுப் பெண், அதுவும் எப்படி, ‘உங்களுக்குத்தான் மொதல்லயே வச்சிருப்பாகளே மதினி’ என்று. மரகதம் அங்கே ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் வீட்டுக்கு வந்து, இவர் முன்னால் சாப்பாட்டுத் தட்டை நங்கென்று வைத்தாள். ‘உங்க தங்கச்சி தெனம் போன்ல குடும்பம் நடத்துறாளே, வாசப்படி ஏறி வெத்தலபாக்கு வைக்க மட்டும் கால் வரலையாக்கும்? கூப்புடாத வீட்டுக்கு நான் வர மாட்டேன். நீங்க வேணா போன்லயே போயிட்டு வாங்க.’ அந்தக் கடைசி வார்த்தைதான் நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது. போன்லயே போயிட்டு வாங்க. ஏனென்றால் ஏற்கனவே ஒரு தரம் அப்படிப் போயிருக்கிறார். நிச்சயதார்த்தம் கோயம்புத்தூரில், மாப்பிள்ளை வீட்டில். அதே வாரத்தில் இவருக்குக் கண்புரை ஆபரேஷன், பச்சைத் துணியைக் கட்டிக்கொண்டு வீட்டில் கிடந்தார். என்ன செய்தார்கள் தெரியுமா? முன்வரிசையில் தாய்மாமனுக்குப் போட்ட நாற்காலியில் போனை நிறுத்தி வைத்துவிட்டார்கள். சுகாவின் சிநேகிதி எவளோ குறும்புக்காரி, போனின் முதுகில் சந்தனமும் குங்குமமும் வைத்தாளாம். பன்னீர் தெளிக்க வந்தவர் போனுக்கும் தெளித்துவிட்டாராம். சபையே சிரித்ததாம். ஒரு கண்ணால் இவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், பெருமையாகக்கூட இருந்தது, ஆகா நம்மை விட்டுக்கொடுக்கவில்லை பார் என்று. இப்போது பஸ் குலுக்கலில் அதே காட்சி வேறு மாதிரி தெரிந்தது. போனுக்குச் சந்தனம் வைத்துப் பழகிவிட்டார்களே, வெள்ளிக்கிழமையும் போன் போதும் என்று இருந்துவிடுவார்களோ? மாலையைப் போனுக்குப் போட்டால் போன் வேண்டாம் என்றா சொல்லப்போகிறது? சேச்சே. பஞ்சவர்ணம் அப்படி நினைக்கிற பிள்ளையா? இல்லை. அவள் எதையும் நினைக்கவே இல்லை, அதுதான் தொல்லை. அவளைப் பொறுத்தவரைக்கும் அண்ணன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். வீட்டுக்குள் இருக்கிற ஆளுக்கு யாராவது பத்திரிகை வைப்பார்களா? புருசனுக்கு வைத்தாளா, மகளுக்கு வைத்தாளா? இந்த இடத்துக்கு வந்ததும் ராசாங்கத்துக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அடடா, இதுதான் விசயம், நம்மை வெளியாளாக நினைக்கவில்லை, எவ்வளவு பெரிய பாசம். தேவதானப்பட்டி வரும்வரைக்கும் அந்தக் குளிர்ச்சியிலேயே இருந்தார். தேவதானப்பட்டியில் வண்டி நிற்கவும் அதுவும் நின்றுவிட்டது. அப்படியானால் தங்கச்சி புருசன் வடகரைக்கு வந்தும் ஏன் தெருவை எட்டிப் பார்க்கவில்லை? வீட்டாள் என்றால் வந்து ஒரு வாய் காப்பியாவது குடிக்கலாமே? மறுபடியும் முதலிலிருந்து.

வாடகைப் பாத்திரத்தோடு போய் ராசாங்கம் பார்க்காத கல்யாணம் இல்லை, பார்க்காத சண்டையும் இல்லை. சாம்பாரில் உப்பில்லை என்று நின்ற சண்டை அன்றைக்கே ஆறிப்போகும். பத்திரிகை வைக்கவில்லை என்று நின்ற சண்டை தலைமுறைக்கும் ஆறாது. உத்தமபாளையம் பக்கம் ஒரு கல்யாணத்தில் ஒரு தாய்மாமனைப் பார்த்திருக்கிறார். ஏதோ பேச்சுத் தகராறு, அழைக்கவில்லை. அந்த ஆள் புது வேட்டி கட்டிக்கொண்டு மண்டபத்துக்கு எதிரே டீக்கடையில் வந்து நின்றார். உள்ளே நாதஸ்வரம் கேட்கக் கேட்க டீ வாங்கி வாங்கிக் குடித்தார். கெட்டிமேளம் கேட்டதும் கிளாசைக் கீழே வைத்துவிட்டுக் கையை உயர்த்தி, ரோட்டைத் தாண்டி, மண்டபத்துச் சுவரைப் பார்த்து அட்சதை போடுகிற மாதிரி ஒரு வீச்சு வீசினார். கையில் ஒன்றுமில்லை. வேனிலிருந்து அண்டா இறக்கிக்கொண்டிருந்த ராசாங்கம் அதைப் பார்த்துவிட்டார். பார்த்திருக்கக் கூடாது. இப்போது அந்த ஆளின் கை வந்து வந்து போனது. சுகாவுக்குக் காது குத்தியது இவர் மடியில், குத்திய வலிக்கு ஆசாரியை விட்டுவிட்டு இவர் தோளைக் கடித்து வைத்தாள், சட்டைக்கு மேலேயே பல் பதிந்தது, பால் கக்கிய வாடையும் சந்தனமும் வேர்வையும் சேர்ந்து ஒரு வாசம்... அட, அந்த வாசம் இத்தனை வருசம் கழித்தும் அப்படியே இருக்கிறதே. நிச்சயதார்த்தத்துக்கு என்ன வாசம்? யோசித்தார். ஒன்றுமே இல்லை. பன்னீர் தெளித்தார்கள், தெரியும், ஆனால் மூக்குக்குத் தெரியாது. தங்கச்சி வீட்டு அடுப்படியில் புதிதாக டைல்ஸ் ஒட்டினார்களே, நீலப்பூப் போட்டது, அதை எப்போது போய்ப் பார்த்தோம்? கண்ணுக்குள் பளிச்சென்று நிற்கிறது. மூக்கை வைத்துப் பார்த்தார், சுண்ணாம்பு வாசம் இல்லை, சிமெண்டு வாசம் இல்லை. அப்படியானால் போகவில்லை. போனில் பார்த்தது. சரி, கடைசியாக எப்போதுதான் போனோம்? போன பங்குனிக்கா? இல்லை, அது அதற்கு முந்தின பங்குனி. அதற்கப்புறம்? தீபாவளிக்குச் சீர் கொடுத்தோமே, அது கூகுள் பே. பொங்கலுக்கு? அதுவும் அதுதான். ராசாங்கத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு மணி நேரப் பஸ் ரோடு. நேற்றுத்தான் பார்த்துவிட்டு வந்த மாதிரி இத்தனை நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்திருக்கிறார். அவள் வந்து வைக்கவில்லை என்று ஊர்க்கோபம் கோபித்துக்கொண்டோமே, நாம் மட்டும் என்ன வாழ்ந்தது?

அந்த நேரம் பார்த்துப் பையில் போன் அதிர்ந்தது. பஞ்சவர்ணம். முகம் தெரிகிற போன். எடுத்தால் பின்னால் பஸ் தெரியும், எங்கே போறேண்ணே என்பாள், சொல்லிவிட்டால் அப்புறம் என்ன சும்மா போவது? அவசரத்தில் விரல் சிவப்பை அழுத்திவிட்டது. இத்தனை வருசத்தில் தங்கச்சி போனை வெட்டிவிட்டது இதுதான் முதல் தரம். கை கூசியது. ‘சார்ஜ் இல்லத்தா, அப்பறம் பேசுறேன்’ என்று தட்டி அனுப்பினார். ‘சரிண்ணே, மாலைக்கு ரோஜாவா சம்பங்கியா?’ என்று வந்தது. ‘சம்பங்கி’ என்று போட்டார். சார்ஜ் இல்லாதவன் சம்பங்கி என்று போடுவானா என்று அனுப்பிய பிறகுதான் உறைத்தது. அவள் அதையெல்லாம் கவனிக்கிற ஆள் இல்லை. ஒரு கும்பிடு போட்ட கை மட்டும் வந்தது.

வத்தலக்குண்டில் பூக்கூடையோடு ஒரு அம்மா ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தது. மல்லிகை வாசம் பஸ்ஸையே தூக்கியது. கூடையை மடியில் வைத்துக்கொண்டு அந்த அம்மா முதல் வேலையாகக் கேட்டது, “எங்கண்ணே போறீக?” ராசாங்கத்துக்கு அந்தக் கேள்வியே இனித்தது. இப்போது யார் கேட்கிறார்கள் பஸ்ஸில்? எல்லாரும் வேறெங்கேயோ இருக்கிற ஆளிடம் ‘எங்க இருக்க’ என்றுதான் கேட்கிறார்கள். “திண்டுக்கல்லுக்குத்தாம்மா. தங்கச்சி வீட்டுக்கு. மருமகளுக்குக் கல்யாணம்” என்றார். “அப்பிடிங்களா! தாய்மாமனா நீங்க? அப்ப மொதப் பத்திரிகை உங்களுக்குத்தான வச்சிருப்பாக?” என்றது அந்த அம்மா, வெள்ளந்தியாக. அறிமுகமில்லாத மனுசி, அடுத்த ஊரில் இறங்கிப் போய்விடும், கொட்டிவிடலாம், கொட்டினால் மனசு லேசாகும். ஆனால் வாய் வேறு சொன்னது. “வைக்காம இருப்பாளா? தாம்பாளத்துல தேங்கா பழம் வெத்தல வச்சு, புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வந்து வச்சுட்டுத்தான் போனாக. அதெல்லாம் மொறை தவற மாட்டா என் தங்கச்சி.” சொல்லி முடித்ததும் அவருக்கே ஆச்சரியம். பொய்தான், ஆனால் அவளை ஒரு மூன்றாம் மனுசி முன்னால் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லையே. அப்படியானால் கோபம் எங்கே? தேடிப் பார்த்தார். காணவில்லை. மாந்தோப்புப் பக்கமே இறங்கிப் போய்விட்டது போல. மிச்சம் இருந்தது பயம் மட்டும்தான், வெள்ளிக்கிழமை அந்த டீக்கடை ஆள் மாதிரி ஆகிவிடக் கூடாதே என்கிற பயம். அதுகூடப் பூவாசத்தில் கொஞ்சம் மட்டுப்பட்டிருந்தது. வெறுங்கையோடு போவானேன் என்று நாலு முழம் வாங்கினார். அந்த அம்மா அளந்துவிட்டு, “மணப்பொண்ணுக்கு” என்று சொல்லி மேலே ஒரு சாண் விட்டுக் கொடுத்தது. செம்பட்டி வந்தது, போனது. இடது பக்கம் மலை கூடவே வந்தது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு மலையை இவ்வளவு துல்லியமாகப் பார்ப்பது இதுதான் முதல் தரம், மரம் மரமாகத் தெரிந்தது. நல்ல டாக்டர். போவோம், பார்ப்போம், வைத்தால் வைக்கட்டும், வைக்காவிட்டால் சாப்பாட்டைப் போடச் சொல்லிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். அப்படியே கொஞ்சம் கண்ணயர்ந்தார்.

திண்டுக்கல்லில் இறங்கி, நாகல் நகரில் தங்கச்சி குடியிருக்கிற காம்பவுண்டைக் கண்டுபிடிக்க இரண்டு பேரிடம் வழி கேட்க வேண்டியிருந்தது, அதுவே ஒரு வெட்கம். வரிசை வீடுகளில் இரண்டாவது, கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே இருந்து முதலில் வந்தது தைல வாடை. “ஏத்தா, பஞ்சவர்ணம்” என்றார். “யாரு?” என்ற குரலும், கூடவே டக், டக் என்று ஏதோ தரையில் ஊன்றுகிற சத்தமும். தங்கச்சி வந்தாள். முகம் தினம் பார்க்கிற முகம்தான், காலையில் போனில் பார்த்த அதே முகம், அதே பொட்டு. முகத்துக்குக் கீழே நாலு கால் வைத்த இரும்பு வாக்கர். அதைத் தூக்கி முன்னால் வைத்து, அதன்மேல் உடம்பைச் சாய்த்து, வலது காலை இழுத்துக்கொண்டு, அப்புறம் அடுத்த எட்டு. ராசாங்கம் பூப்பொட்டலத்தோடு அப்படியே நின்றுவிட்டார்.

“யாருண்ணே சொன்னா உனக்கு?” என்றாள் பஞ்சவர்ணம். வா என்றுகூடச் சொல்ல வரவில்லை அவளுக்கு.

“என்னத்தச் சொல்லணும்? என்னத்தா இது கோலம்?”

“ஒண்ணுமில்லண்ணே. பாத்ரூம்ல வழுக்கிருச்சு. இடுப்பெலும்புல பிளேட்டு வச்சுருக்காக. நடந்துருவேன், டாக்டரு சொல்லிட்டாரு.”

“எப்ப?”

“சித்திரை பொறக்குறதுக்கு முந்தி.”

சித்திரைக்கு முந்தியா? அதற்கப்புறம் எத்தனை கீரை ஆய்ந்திருக்கிறாள், எத்தனை விசில் எண்ணியிருக்கிறார்! “தெனம் பேசினமேத்தா!” என்றார், கத்தலாகத்தான் வந்தது.

“ஆஸ்பத்திரிக் கட்டில்ல இருந்தும் பேசினேன். பின்னாடி சேலையத் தொங்கவிட்டு. நீதான் கேட்டியே, என்னத்தா திரை போட்டுருக்கன்னு. வெயிலுக்குன்னேன்.” அவள் சிரிக்கப் பார்த்தாள், வாய் கோணிக்கொண்டது. “சொன்னா நீ என்ன சொல்லுவ? சகுனம் சரியில்ல, தேதிய மாத்துங்கம்ப. அவளுக்கு அமைஞ்சதே இப்பத்தான். அதான் ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னுட்டேன்.”

நான் ஏன் அப்படிச் சொல்லப்போகிறேன் என்று வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். சொல்லியிருப்பார்தான். அவரைப் பற்றி அவளுக்குத் தெரியாதா.

“நீ எதுக்கு வந்தேன்னும் தெரியும்ணே” என்றாள். இப்போது கண்ணீர் இறங்கிவிட்டது, துடைக்கக் கையெடுத்தால் வாக்கரை விட வேண்டும், விடவில்லை. “அவரு வடகரைக்கு வந்தாரு. ஒன் தெருப்பக்கம் போகக் கூடாதுன்னு நாந்தான் சொன்னேன். எங்கண்ணன் வாசப்படியில நான் ஏறி வைக்காம வேற யாரு வைக்கிறது? இன்னிக்கி நடந்துருவேன், நாளைக்கி நடந்துருவேன்னு பாத்தேன். அம்புட்டு தூரம் கார்ல உக்காரக் கூடாதுங்குறாக. மொதப் பத்திரிகை ஒனக்குன்னு எடுத்து சாமிகிட்ட வச்சது, வெத்தலைய மட்டும் மாத்தி மாத்தி வச்சுக்கிட்டு இருக்கேன்.”

சாமி அலமாரியில் தாம்பாளம் இருந்தது. தேங்காய், பழம், வாடாத வெற்றிலை, மேலே மஞ்சள் தடவிய பத்திரிகை. “குடு இப்பிடி” என்று ராசாங்கம் கையை நீட்டினார்.

“இங்க வச்சுக் குடுத்தா அது அழைச்சதா ஆகுமாண்ணே? வந்த ஆளு வாங்கிட்டுப் போனதுல்ல ஆகும். ஒன் வீட்டு வாசலேறி வைக்கணும்.”

ஊருக்கே முறை சொல்கிற மனுசன், இவரால் எப்படி இல்லை என்று சொல்ல முடியும்? கொஞ்ச நேரம் தாம்பாளத்தைப் பார்த்தார், தங்கச்சி காலைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். விறுவிறுவென்று வெளியே இறங்கிப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். ஒரு வயசான அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி வந்தது. ரிட்டையரான டீச்சர், சகாயமேரி என்று பேர்.

“நான் பஞ்சவர்ணத்துக்கு அண்ணனுங்க.”

“தெரியுமே. தெனம் உங்க குரல் செவுத்தைத் தாண்டி எங்க அடுப்படிக்கும் வருமே. நானும் உங்க கணக்குக்குத்தான் குக்கரை அமத்துவேன்.”

“ரொம்ப சந்தோசம் டீச்சரம்மா. எனக்கு ஒரு உதவி. உங்க வீட்டை ஒரு கால் மணி நேரம் எனக்கு வாடகைக்கு விடணும்.”

விசயத்தைக் கேட்டதும் டீச்சர் கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்து, வாசலில் கிடந்த செருப்பையெல்லாம் காலால் ஒதுக்கிவிட்டு, தாம்பாளத்தை எடுத்து வரப் போய்விட்டார். ராசாங்கம் ஹாலில் நடுவாக நின்றுகொண்டார், வீட்டுக்காரர் தோரணையாக. மேல் பொத்தானைப் போட்டார். அழைப்பு வாங்குவது என்றால் ஜோடியாக நின்றுதான் வாங்க வேண்டும், ஒற்றையாக நின்று வாங்குகிற வழக்கம் இல்லையே. போனை எடுத்து மரகதத்தைக் கூப்பிட்டார், முகம் தெரிகிற போன்.

“அண்டா எப்பிடி இருக்கு?” என்றாள் மரகதம்.

“அண்டா கெடக்கட்டும். எந்திரிச்சு வந்து நில்லு. பஞ்சவர்ணம் பத்திரிகை வைக்க வர்றா.”

“எங்க வர்றா? வாசல்ல ஒருத்தரையும் காணமே.”

“இங்க. இப்பதைக்கு நம்ம வீடு இதான்.”

“என்னாங்க, உங்களுக்குப் பின்னாடி ஏசுநாதர் படமுல்ல தெரியுது!”

டக், டக் என்று சத்தம் வாசலுக்கு வந்துவிட்டது. பஞ்சவர்ணம் நல்ல சேலை மாற்றி, இவர் கொண்டுவந்த பூவை வைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் தாம்பாளத்தோடு டீச்சர். வாசலில் ஒரே ஒரு படி. ராசாங்கம் ஓடிப்போய்ப் பிடிக்கப் போனார். “வீட்டுக்காரரு அங்கயே நில்லுங்க” என்றாள். வாக்கரைத் தூக்கி மேலே வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள். நிலையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, வாக்கரை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் தாம்பாளத்தை வாங்கினாள். டீச்சர் அவசரமாக உள்ளே வந்து ராசாங்கத்தின் கையிலிருந்த போனை வாங்கி, இருவர் முகமும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணே, மதினி, பிள்ளைக்கு வெள்ளிக்கெழம கல்யாணம். ரெண்டு பேரும் முன்ன வந்து நின்னு நடத்திக் குடுக்கணும்.”

“நடத்தீருவோம்த்தா” என்றார் ராசாங்கம். தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார். கனமாக இருந்தது. மண்டபம் மண்டபமாக அண்டா தூக்கிய கைக்கே.

போனில் மரகதம் இன்னும் விறைப்பாகத்தான் இருந்தாள். “வைக்க இப்பத்தான் நேரம் கெடைச்சுதாக்கும்” என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். “ஏங்க, ஏன் அவளுக்கு இப்பிடி மூச்சு வாங்குது? மாடி ஏறியா வந்தா?”

“டீச்சரம்மா” என்றார் ராசாங்கம், “அந்தப் போனைக் கொஞ்சம் கீழ எறக்கிக் காட்டுங்க.”

டீச்சர் மெல்ல இறக்கினார். சேலைக் கொசுவம், வீங்கிய பாதம், பக்கத்தில் நாலு ரப்பர்க்கால். லைன் அறுந்துவிட்டதோ என்று ராசாங்கம் எட்டிப் பார்த்தார். அறுந்துவிடவில்லை, மரகதம் இருந்தாள், வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு.

“என்னாங்க” என்றாள் கடைசியில், “அடுத்த திண்டுக்கல் வண்டி எத்தன மணிக்கு?”

ராசாங்கம் நேரம் சொல்ல வாயெடுப்பதற்குள் பெரியகுளத்தில் பீரோ திறக்கிற சத்தம் கேட்டது.